சப்டைட்டிலை எப்போது அணைப்பது? தொலைக்காட்சி வழியே கொரிய மொழி: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கொரிய நாடகத் தொடர்களைப் பார்த்தே கொரிய மொழியைக் கற்றுவிட முடியும் என்று நம்புகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்று கணிசமாக இருக்கிறார்கள். அத்தொடர்களைப் புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் மொழிமாற்றம் செய்து ஒளிபரப்பிய காலத்தில் பார்க்கத் தொடங்கியவர்கள் பலர், பின்னர் இணையத் தளங்களில் அவற்றை மூல ஒலியோடு பார்க்கப் பழகினார்கள். மூல ஒலி காதில் விழத் தொடங்கியதும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வதா, அணைத்துவிடுவதா? அகராதியும் வேண்டாம், இலக்கணமும் வேண்டாம், காட்சியையும் ஒலியையும் மட்டும் நம்பி நாள்தோறும் மணிக்கணக்கில் பார்த்துவந்தால் குழந்தைக்குத் தாய்மொழி வருவதுபோல் இதுவும் வந்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. அந்தத் தூய வழியை, மொழிபெயர்த்த சப்டைட்டில், கொரிய மொழியிலேயே அமைந்த சப்டைட்டில், கற்பவருக்கென்றே எடுக்கப்பட்ட நிகழ்ச்சி ஆகிய மூன்று போட்டி வழிகளோடு நிறுத்திப் பார்ப்பதே இங்கு நோக்கம். வகுப்பறையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. சென்னையில் இன்கோ மையம் போன்ற இடங்களில் அது கிடைக்கிறது, முடிந்தவர்கள் போகலாம், அதற்கு வாதம் தேவையில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பை நீக்குவது தன்னளவில் எதையும் கற்றுத் தருவதில்லை. அதுவரை மொழிபெயர்ப்பு செய்துவந்த வேலையைக் காட்சி ஏற்றுக்கொண்டால்தான் நீக்கியதற்குப் பலன் உண்டு. ஆகவே எந்தச் சப்டைட்டில் என்பதைவிட எந்த நிகழ்ச்சி என்பதே பெரிய கேள்வி.

தூய வழியினர் தமக்குத் துணையாக அழைப்பது அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷனை. மொழியை விதிகளாகப் படிப்பதைவிட, நமக்குத் தெரிந்த நிலைக்குச் சற்றே மேலான பேச்சைப் புரிந்துகொண்டு கேட்பதன் வழியாகவே அது உள்ளே இறங்குகிறது என்று 1980களின் தொடக்கத்தில் அவர் விரிவாக வாதிட்டார். அந்த வாதத்தில் 'கேட்பது' என்பதைப் பிடித்துக்கொண்டவர்கள் 'புரிந்துகொண்டு' என்பதை நழுவவிட்டார்கள். எவ்வளவு புரிந்தால் போதும் என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் சொற்களை எண்ணிப் பார்த்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 3,000 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) அறிந்தவர் அப்பேச்சில் 95 விழுக்காட்டை அறிந்தவராகிறார் என்றும், 98 விழுக்காட்டை எட்ட அது 7,000 ஆக வேண்டும் என்றும் காட்டியது. 95 விழுக்காடு என்றால் இருபது சொல்லுக்கு ஒன்று தெரியாது. அந்த ஒன்றைச் சூழலிலிருந்து ஊகிக்கலாம். முதல் நாளில் நாடகத்தின் முன் உட்காரும் தொடக்க நிலைக் கற்பவருக்கோ இருபதில் பத்தொன்பது தெரியாது. ஊன்றிக்கொள்ள ஒரு சொல்லும் இல்லாத இடத்தில் எதை வைத்து எதை ஊகிப்பது?

குழந்தை உவமையும் சோதனையில் நிற்கவில்லை. பாட்ரிசியா கூல் தலைமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் ஆங்கிலச் சூழலில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் சீனம் கேட்கச் செய்தார்கள். எதிரே ஆள் அமர்ந்து விளையாடிப் பேசியபோது குழந்தைகள் சீனத்துக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது எதையும் பிடிக்கவில்லை. இதற்கும் முன்னர், 1981இல் வெளியான ஓர் ஆய்வு, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, வாய்மொழி ஆங்கிலத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சியிலிருந்தே கேட்டு வளர்ந்த ஒரு சிறுவனைப் பதிவு செய்திருக்கிறது. கிட்டத்தட்ட நான்கு வயதில் அவனுடைய ஆங்கிலத்தின் வாக்கிய அமைப்பே இயல்பு பிறழ்ந்திருந்தது. பெரியவர் ஒருவர் அவனோடு பேசத் தொடங்கிய பிறகே அது விரைவாகச் சீரடைந்தது. குழந்தை கற்பது தன்னைப் பார்த்துப் பேசும் மனிதர்களிடம். திரையில் இருப்பவர் நம் முகத்தைப் பார்த்துப் பேச்சின் வேகத்தைக் குறைப்பதில்லை. வளர்ந்தவருக்குக் கவனத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் ஏற்கெனவே ஒரு மொழியும் இருப்பதால் திரையிலிருந்து அவர் கற்க முடியும். ஆனால் அது குழந்தையின் வழி என்று சொல்லக் கூடாது.

இனி, மொழிபெயர்த்த சப்டைட்டில். இதன்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு உண்மையே: எழுத்து ஓடினால் கண் தானாக அங்கே போகும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் நடந்த விழியசைவு ஆய்வுகள், தமக்கு நன்கு தெரிந்த மொழியில் பேச்சு ஒலிக்கும்போதும் பார்வையாளர்கள் திரையின் எழுத்தைப் படிப்பதைத் தவிர்ப்பதில்லை என்று 1991இலேயே காட்டின. படிக்கும் கண், காதின் வேலையைப் பறித்துக்கொள்கிறது. நெதர்லாந்திலும் சுவீடனிலும் வெளிநாட்டு நிகழ்ச்சிகளை மொழிமாற்றம் செய்யாமல் சப்டைட்டிலோடு காட்டுவதால்தான் அங்குள்ளவர்கள் ஆங்கிலத்தில் தேர்ந்தவர்களாக இருக்கிறார்கள் என்று எதிர்த் தரப்பு கூறும். டச்சும் சுவீடிஷும் ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட உறவுகள் என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது. சொல்லுக்குச் சொல் ஒத்துவரும் மொழிகளில், கீழே படித்த சொல்லை மேலே கேட்ட ஒலியோடு முடிச்சுப் போடுவது எளிது. கொரிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும். கேட்பதும் படிப்பதும் ஒரே கணத்தில் சந்திப்பதே அரிது.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 'அப்பா'வுக்குக் கொரிய மொழியிலும் 'அப்பா' என்பதைக் கேட்டுப் பூரித்துப்போகிறோம், அது தற்செயல். உண்மையான நெருக்கம் வாக்கியத்தின் முதுகெலும்பில் இருக்கிறது: எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசையும், பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபுகளும், வினையின் வாலில் தொங்கும் மரியாதையும் இரு மொழிகளுக்கும் பொது. நாடகத்தில் இருவர் 'ஜொந்தேன்மல்' என்னும் மரியாதைப் பேச்சிலிருந்து 'பன்மல்' என்னும் ஒருமைப் பேச்சுக்கு இறங்கும் கணம் பெரும்பாலும் கதையின் திருப்பமாகவே இருக்கும். ஆங்கிலச் சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே 'யூ'. தமிழில் எழுதினால் 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிடும், பார்ப்பவருக்கு விளங்கிவிடும். "சாப்பிட்டாயா?" என்பதே நலம் விசாரிப்பாக வரும்போதும் அப்படித்தான், ஆங்கிலம் படிப்பவருக்கு அது உணவைப் பற்றிய கேள்வி, நமக்கு அதன் வாசனை தெரியும். எனவே தொடக்கக் காலத்தில் மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பே ஆங்கிலத்தைவிடச் சிறந்தது; கிடைப்பதுதான் குறைவு. ஓரிடத்தில் மட்டும் தமிழும் கைவிடும். காதலனைப் பெண் 'ஒப்பா' என்று அழைக்கிறாள். அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் அண்ணன். 'அண்ணா' என்று அப்படியே மொழிபெயர்த்தால் நம் வீட்டுக் கூடத்தில் நாடகம் அத்தோடு முடிந்துவிடும்.

மூன்றாவது வழியான கொரியச் சப்டைட்டிலையே நான் நால்வரில் முதல்வன் என்று கருதுகிறேன். நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனையில், பழக்கமற்ற ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளை டச்சுக்காரர்களைக் கேட்கச் செய்தார்கள். ஆங்கிலச் சப்டைட்டிலோடு பார்த்தவர்கள் அந்த உச்சரிப்பைப் பின்னர் நன்றாகப் பிடித்தார்கள். டச்சுச் சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்குப் புதிய சொற்களைக் கேட்டுணர்வதில் அது இடையூறாகவே இருந்தது. இதைத் தூய வழியினர் தம் வெற்றியாக மேற்கோள் காட்டுவதுண்டு. அவர்கள் கவனிக்காதது, சோதனையில் இருந்தவர்கள் ஆங்கிலத்தை முன்பே நன்கு அறிந்தவர்கள் என்பதையும், அங்கே வென்றது எழுத்தே இல்லாத திரை அன்று, ஒலிக்கும் மொழியிலேயே எழுத்து ஓடிய திரை என்பதையும்தான்.

கொரிய எழுத்து இந்த வழிக்கு வாய்ப்பாகவும் இருக்கிறது. மன்னர் செஜோங் 1446இல் வெளியிட்ட ஹங்குலின் இன்றைய அடிப்படை எழுத்துகள் 24. இரண்டு வாரத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். சொல்லின் முதலில் வல்லொலியாகவும் உயிர்களுக்கிடையே மெல்லொலியாகவும் ஒரே எழுத்தை ஒலிப்பது தமிழருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: சோயாக் கட்டிக்குக் கொரியப் பெயரான 'துபு'வைத் தமிழில் எழுதினால் நடுவிலுள்ள பகரத்தை நாம் தானாகவே சரியாக ஒலிக்கிறோம். நம் காது தோற்கும் இடம் வேறு. நிலா, முகமூடி, மகள் ஆகிய மூன்றுக்கும் கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'தல்' என்றே வரும். மென்மையாக, மூச்சை வெளித்தள்ளி, தொண்டையை இறுக்கி என மூன்று விதமாகக் கொரியர் ஒலிக்கும் தகரத்தை எழுத்தின் துணையின்றி நூறு மணி நேரம் கேட்டாலும் நமக்கு ஒன்றாகவே ஒலிக்கக்கூடும். திரையில் மூன்று வேறு எழுத்துகளைக் கண்டபிறகுதான் காது தேடத் தொடங்குகிறது. புணர்ச்சியும் இவ்வாறே. 'குக்' என்பதும் 'முல்' என்பதும் சேர்ந்தால் குழம்புச் சாற்றைக் குறிக்கும் சொல் 'குங்முல்' என்று ஒலிக்கும். கல்லும் மலையும் கன்மலை ஆவதை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை, ஆனால் எழுத்தைப் பார்க்காதவருக்கு உள்ளே இருக்கும் இரு சொற்களும் என்றும் புலப்படாமல் போகலாம்.

கொரியப் பல்சுவை நிகழ்ச்சிகள் இதைத் தாமே செய்கின்றன. பேசியதைப் பெரிய வண்ண எழுத்துகளில் திரையிலேயே பதித்துவிடுவது அவற்றின் வழக்கம். அவ்வெழுத்து சில சமயம் பேச்சைச் சுருக்கும், சில சமயம் தயாரிப்பாளரின் கிண்டலாகவும் இருக்கும். இருந்தாலும் அழுத்தம் விழும் சொல்லைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவதால் கற்பவருக்கு அது இலவச ஆசிரியர். வேறு மொழிப் படைப்புகளின் கொரிய மொழிமாற்றத்தைப் பார்ப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: அங்கே ஒலிக்கும் வசனமும் ஓடும் எழுத்தும் தனித்தனியே மொழிபெயர்க்கப்பட்டவை ஆதலால் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

எழுத்தே இல்லாத தூய வழி எங்கே வெல்கிறது? காட்சி பேசும் இடங்களில். பட்டணத்து நடிகர்கள் கிராமத்து வீட்டில் தங்கி அடுப்பு மூட்டிச் சமைக்கும் நிகழ்ச்சியில், வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வெங்காயத்தின் பெயரைச் சொல்கிறார்கள்; 'நறுக்கு', 'ஊற்று', 'உப்புக் குறைவு' எல்லாம் செயலோடு சேர்ந்தே வருகின்றன. 2003 முதல் கொரியக் கல்வித் தொலைக்காட்சியில் வந்த பொரோரோ என்னும் பென்குயின் குழந்தைச் சித்திரமும் அவ்வாறே. நேர்மாறாக, இருவர் காபிக் கடையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசும் காதல் நாடகத்தில் காட்சி நமக்குச் சொல்வது இரண்டு கோப்பைகளை மட்டுமே. வழக்கு மன்றத் தொடர் அதைவிட மோசம். அரசவைச் சரித்திரத் தொடரில் கற்ற சொல்லைத் தெருவில் பேசினால் சிரிப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கொரியர் எழுவாயை விட்டுவிட்டே பேசுவார்கள். நாமும் விடுகிறோம், ஆனால் நம் வினைமுற்று 'போனேன்', 'போனாள்' என்று ஆளைக் காட்டிக் கொடுக்கும். கொரிய வினை காட்டாது. யார் போனார் என்பதைக் காட்சி சொல்லவில்லையென்றால் யாரும் சொல்லப்போவதில்லை.

காட்சியையே ஆசிரியராக்கும் கலையை முழுமையாகச் செய்துகாட்டியது நான்காவது வழி. யேல் பல்கலைக்கழகத்தின் பியர் காப்ரெட்ஸ் உருவாக்கி 1987இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த 'பிரெஞ்ச் இன் ஆக்‌ஷன்' அரைமணி நேரப் பகுதிகள் 52 கொண்டது. ஆங்கில அறிமுகமான முதல் பகுதி நீங்கலாக எல்லாம் பிரெஞ்சிலேயே நடக்கும். ஒரு சிறு கதைக்காட்சி. பிறகு அதில் வந்த சொல் ஒவ்வொன்றும் வேறு திரைப்படத் துணுக்குகளிலும் விளம்பரங்களிலும் மீண்டும் மீண்டும் வேறு வேறு வாயிலிருந்து. மொழிபெயர்ப்பை விலக்கியவர் அதன் விலையைத் தாமே கட்டினார், பார்ப்பவர் தலையில் கட்டவில்லை. கொரிய மொழிக்கு இன்று இணையத்தில் படம் வரைந்தும் சைகை காட்டியும் கொரிய மொழியில் மட்டுமே பேசும் ஆசிரியர்களின் காணொளிகள் அந்தப் பணியின் ஒரு பகுதியைச் செய்கின்றன. சுவையில் நாடகத்துக்கு ஈடாகாது என்பது உண்மை.

காலக் கணக்கையும் மறக்கலாகாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் கொரிய மொழியில் பணிக்குத் தகுதி பெற 88 வாரமும் 2,200 வகுப்பு மணியும் ஒதுக்குகிறது. பதினாறு பகுதித் தொடர் ஒன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் என்று கொண்டால் அது ஏறத்தாழ 120 தொடர்கள். வாக்கிய வரிசை கைவசம் இருப்பதால் தமிழருக்குச் சற்றுக் குறையலாம். ஆனால் சோபாவில் சாய்ந்து பார்த்த ஒரு மணியை வகுப்பறையின் ஒரு மணியாகக் கணக்கெழுத முடியாது.

ஆகவே என் வரிசை இது: ஹங்குலையும் முதல் சில நூறு சொற்களையும் கற்பவருக்கான காணொளிகளிலிருந்து பெறுவது, நாடகத்தை ஆசைக்கு மொழிபெயர்ப்போடு பார்ப்பது, அதைப் படிப்பு என்று எண்ணாதிருப்பது, பிறகு பெரும்பகுதிக் காலத்தைச் சமையல், பல்சுவை நிகழ்ச்சிகளோடும் கொரியச் சப்டைட்டிலோடும் கழிப்பது, ஏற்கெனவே எழுத்தோடு பார்த்துப் புரிந்துகொண்ட பகுதியை மறுநாள் எழுத்தை அணைத்துவிட்டுக் கேட்பது. தூய வழி எனக்குக் கடைசியில் வருகிற சோதனை. தொடக்கமாக அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்னையை அடுத்து, கொரிய ஆலைகள் உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரிய மேலாளர்களின் கீழ் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசையில் ஒரு திருத்தம் தேவை. காதலரும் பள்ளித் தோழரும் திரையில் பேசுவது பெரும்பாலும் பன்மல். அதையே முந்நூறு மணி நேரம் கேட்டு, நாவில் சரளமாக ஏற்றிக்கொண்டு, காலையில் மேலாளரிடம் போய்ப் பேசினால், ஐம்பது வயதுக்காரரைப் பலர் முன்னிலையில் "டேய், சாப்பிட்டியா?" என்று கேட்டதற்கு ஒப்பாகும். அவர்கள் பார்க்க வேண்டியது அலுவலகத்தில் நடக்கும் தொடர்களை. அதிலும் கதாநாயகனின் வசனத்தைவிட, அவனுக்குக் கீழே வேலை செய்யும் புதிய ஊழியன் பேசுவதை.