பட்டறைக்குள் ஒரு மெசனைன்: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்கு அருகில், பம்ப் உதிரிபாகங்களுக்குக் கடைசல் வேலை செய்துகொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. 40 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட ஷெட்டில் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இரண்டு சி.என்.சி. இயந்திரங்களும் மூன்று பழைய லேத்களும் ஒரு ரேடியல் டிரில்லும் நின்றது போக, மிஞ்சிய தரை முழுவதையும் வார்ப்புகள் நிறைந்த கிரேட்டுகளும் வார்ப்பு அச்சுக்கான மர மாதிரிகளான பேட்டர்ன்களும் பிடித்துக்கொண்டிருந்தன. ஷெட்டின் பக்கவாட்டு உயரமே 20 அடி. தலைக்கு மேல் அவ்வளவு இடம் சும்மா கிடக்க, ஒரு கிரேட்டை எடுக்க நான்கு கிரேட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தோம். எனவே பின்சுவரை ஒட்டி 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில், அதாவது ஏறத்தாழ 344 சதுர அடியில், இரும்பு மெசனைன் (தரைக்கும் கூரைக்கும் நடுவே வரும் இடைத்தளம்) ஒன்று அமைக்க முடிவு செய்தோம். அதைச் செய்துகொடுத்த ஃபேப்ரிகேஷன் குழுவின் வேலையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. குறைகளையும் எழுதப்போவதால் அவர்கள் பெயரை இங்கே தரவில்லை. எதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் படிப்பவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் விலை கேட்ட இடத்தில் வந்து பார்த்தவர் டேப்பைப் பிடித்து நீள அகலத்தை மட்டும் அளந்துவிட்டு, சதுர அடிக்கு 700 ரூபாய் என்று அங்கேயே நின்றபடி சொல்லிவிட்டார். ப வடிவ இரும்புச் சட்டமான 100 மி.மீ. சேனலை மீட்டருக்கு ஒன்றாகப் போடுவதாகவும், ஒரு பக்கம் செங்கல் சுவரில் துளையிட்டுச் சொருகிவிடுவதாகவும், மறுபக்கத் தூண்களை இருக்கும் தரையிலேயே ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்திவிடுவதாகவும் விளக்கினார். மேலே என்ன வைக்கப்போகிறோம் என்று ஒரு வார்த்தை கூட அவர் கேட்கவில்லை. துணி மூட்டை வைக்கும் கடைக்கும் வார்ப்பு அடுக்கும் பட்டறைக்கும் ஒரே விலை, ஒரே சேனல் என்றால் எங்கோ பிழை இருக்கிறது என்று தோன்றியதால் அந்தப் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவதாக வந்தவர்களிடம்தான் வேலையைக் கொடுத்தோம். அந்தக் குழுவை நடத்துபவர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "ஏனுங்க, மேல என்னங்க வெக்கப்போறீங்க, எவ்வளவு எடை வருமுங்க?" என்பதுதான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே தராசைக் கொண்டுவரச் சொல்லி ஒரு கிரேட்டை நிறுத்துப் பார்த்தார். 25 கிலோ இருந்தது. எங்கள் ரேக் ஒன்று 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. ஆழமும் கொண்டது, தட்டுக்கு மூன்று கிரேட்டாக நான்கு தட்டுகளில் 300 கிலோ ஏறும். ரேக் நிற்கும் இடத்தை மட்டும் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 740 கிலோ வருகிறது; நடைபாதையையும் சேர்த்தால் சராசரி பாதியளவுக்குக் குறையும். இருந்தாலும் குறைந்த கணக்கை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. கட்டடங்கள் மீது வரும் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி, சேமிப்புக் கிடங்குகளுக்கு அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன் என்றும், எப்படியிருந்தாலும் சதுர மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டனுக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. அது ஏறத்தாழ 765 கிலோ. அந்த எண்ணையே அடிப்படையாக வைத்து, தங்களுக்கு வழக்கமாகக் கணக்குப் போட்டுத்தரும் கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடம் வாங்கி, அவருடைய கையெழுத்துடன் என்னிடம் கொடுத்தார்கள்.

அந்தக் கணக்குத்தாள்தான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பாடம். 4 மீட்டர் இடைவெளிக்கு, மீட்டருக்கு ஒன்றாக 150 மி.மீ. ஐ பீம் (ஆங்கில 'I' வடிவ இரும்பு உத்திரம்) போட்டாலே உடையாமல் தாங்கிவிடும் என்று அதில் இருந்தது. ஆனால் முழுச் சுமை ஏறும்போது அதே பீம் நடுவில் ஏறத்தாழ 17 மி.மீ. தொய்கிறது, இடைவெளியில் முந்நூறில் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்ற வரம்பின்படி 4 மீட்டருக்கு 13.3 மி.மீ.தான் அனுமதி. உடையாது என்பதும் ஆடாது, தொய்யாது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை முப்பது ஆண்டுகளாக இரும்போடு பழகியும் நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. எனவே குறுக்கு பீம்களுக்கு 200 மி.மீ. ஐ பீமும், நீளவாட்டில் அவற்றைத் தாங்கும் இரண்டு முதன்மை பீம்களுக்கு 250 மி.மீ. ஐ பீமும் என்று முடிவாயிற்று. முதலில் வந்தவர் சொன்ன 100 மி.மீ. சேனலை அதே கணக்கில் போட்டுப் பார்த்தபோது, எங்களுக்குத் தேவையான வலிமையில் பாதி கூட வரவில்லை. தொய்வோ 60 மி.மீ.யைத் தாண்டியது.

தளத்துக்கு 6 மி.மீ. செக்கர்டு பிளேட், அதாவது வழுக்காதபடி மேடு வரிகள் கொண்ட இரும்புத் தகடு. மீட்டர் இடைவெளியில் பிளேட்டை மட்டும் விரித்தால் அது காலடியில் அமுங்கி எழும்பும் என்பதால், பீம்களுக்கு இடையே ஒவ்வொரு அரை மீட்டருக்கும் 50 மி.மீ. ஆங்கிள் (ஆங்கில 'L' வடிவ இரும்புச் சட்டம்) ஒன்றைக் குறுக்கே வைத்து பற்றவைத்தார்கள். மொத்தம் 56 துண்டுகள். விலைப்பட்டியலில் இதைப் பலரும் விட்டுவிடுவார்கள் என்று கேள்விப்படுகிறேன்; கை டிராலியில் சரக்கை உருட்டும் பட்டறைக்கு இந்த ஆங்கிள்கள் இல்லாத தளம் சில மாதங்களிலேயே பள்ளம் பள்ளமாகிவிடும்.

அடித்தளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் தரை 125 மி.மீ. கனமுள்ள கம்பியில்லாக் கான்கிரீட். அதன் கீழே இருப்பது கொட்டி நிரப்பிய மண். நடுத் தூண் ஒன்றின் மீது முழுச் சுமையில் ஆறரை டன்னுக்கு மேல் இறங்கும் என்பதால், தூண் வரும் ஆறு இடங்களிலும் தரையை வெட்டியெடுத்து, நிரப்பு மண்ணைத் தாண்டிக் கெட்டி மண் தட்டும்வரை தோண்டி, 90 செ.மீ. சதுரத்தில் கம்பி கட்டி எம் 25 தரக் கான்கிரீட் போட்டார்கள். போல்ட்டுகளைக் கான்கிரீட்டிலேயே புதைத்து, தூணின் பாதத்தில் வரும் பேஸ் பிளேட்டை அடிநட்டுகளால் மட்டம் பார்த்து நிறுத்தி, அதன் கீழ் இடைவெளியில் சுருங்காத கலவையான கிரவுட்டை ஊற்றினார்கள். பதினான்கு நாட்கள் தண்ணீர் ஊற்றிய பிறகே தூண் ஏறியது. சுவரில் எதையும் சொருகவில்லை, ஷெட்டின் தூண்களிலும் எதையும் பற்றவைக்கவில்லை. மெசனைன் தன் சொந்தக் காலில் நிற்கிறது. பக்கவாட்டில் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் பெருக்கல் குறி வடிவிலும், முன்பக்கம் ஆட்கள் குனியாமல் நடக்கும் உயரத்துக்கு மேல் மூலைகளிலும் தாங்கு ஆங்கிள்கள் கொடுத்திருக்கிறார்கள்.

வெல்டிங் தொடங்கிய அன்று ஒரு சங்கடம் நேர்ந்தது. வெல்டர்களில் ஒருவர் வெல்டிங் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் பீமில் மாட்டாமல், எட்டும் தூரத்தில் இருந்த ஷெட் தூணில் மாட்டிவிட்டார். அப்படி மாட்டினால் திரும்பும் மின்னோட்டம் தனக்குக் கிடைத்த வழியில் எல்லாம் ஓடும்; அந்த வழி பக்கத்தில் நிற்கும் சி.என்.சி.யின் உடல் வழியாக இருந்தால், ஸ்பிண்டில் பேரிங்குகளும் கன்ட்ரோலரின் கார்டுகளும் பழுதாகக்கூடும். எங்கள் ஆபரேட்டர் கவனித்துச் சொன்னதும் உடனே நிறுத்தி, கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள்; அதன் பிறகு வெல்டிங் நடந்த நேரங்களில் இரண்டு இயந்திரங்களின் மெயின் இணைப்பையும் துண்டித்தே வைத்தோம். இதை அவர்களே முதல் நாளில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தீப்பொறி விஷயத்தில் அவர்களுடைய கவனத்தைக் குறை சொல்ல முடியாது: மரப் பேட்டர்ன்களை முழுவதும் அப்புறப்படுத்தச் செய்தார்கள், லேத்கள் மீது தீத்தடுப்புப் போர்வை விரித்தார்கள், ஒருவர் தீயணைப்பானோடு கீழே நின்றுகொண்டே இருந்தார்.

வேலை முடிந்ததும் சுமையேற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது அவர்கள் தயங்கவில்லை. நடுத் தூண்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்கு பீமை எடுத்துக்கொண்டோம். அதன் நடுப்புள்ளிக்கு நேர் கீழே தரையில் ஒரு கனத்த இரும்புக் குழாயை நிறுத்தி, அதன் தலையில் காந்தப் பிடியான மேக்னடிக் பேஸோடு, மிகச் சிறிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, முனை பீமின் அடியைத் தொடும்படி வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகு அந்த பீமின் பங்கான 4 சதுர மீட்டரில் மட்டும் கிரேட்டுகளை அடுக்கத் தொடங்கினோம். பத்துப் பத்தாக ஏற, முள் மெல்ல மெல்ல நகர்ந்தது. 120 கிரேட்டுகள், அதாவது 3 டன் ஏறியபோது 4.8 மி.மீ.யில் நின்றது. கணக்கில் வந்தது 5.9 மி.மீ. பிளேட்டும் ஆங்கிள்களும் சுமையில் ஒரு பங்கைப் பக்கத்து பீம்களுக்குக் கடத்துவதால் இப்படிக் குறையும் என்று பொறியாளர் தொலைபேசியில் விளக்கினார். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் இறக்கியபோது, முள் சுழியத்திலிருந்து 0.15 மி.மீ. தள்ளி வந்து நின்றது. அந்த முள் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் அதன் அடியில் ஆட்களை உட்கார வைத்து வேலை வாங்க எனக்கு மனம் துணிந்தது.

இனி குறைகள். ஒப்புக்கொண்ட நாளைவிட 11 நாட்கள் தாமதமானது. அதில் நான்கு நாட்கள் 250 மி.மீ. பீம் கிடைக்காததால், மீதி ஆட்கள் வேறு வேலைக்குப் போனதால். தலைக்கு மேலாகப் பற்றவைத்த மூன்று இணைப்புகளில் ஊசித்துளைகள் இருந்தன. சுட்டிக்காட்டியதும் கிரைண்டரால் நீக்கிவிட்டு மறுபடி பற்றவைத்தார்கள். பெயின்ட் வேலைதான் எனக்கு உண்மையில் மனக்குறை. படிக்கட்டின் வெல்டிங் கசடைச் சரியாகத் தட்டி எடுக்காமலே ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் பூசியிருக்கிறார்கள். மூன்றே மாதத்தில் படிகளின் ஓரங்களில் செதில் செதிலாகப் பெயர்ந்து, மழைக்காலத்தில் துரு எட்டிப்பார்த்தது. இரண்டு முறை கூப்பிட்ட பிறகே ஆள் அனுப்பிச் சரிசெய்தார்கள்.

படிக்கட்டின் அமைப்பில் குறையில்லை. 3.15 மீட்டர் உயரத்தை 18 படிகளாகப் பிரித்து, படிக்கு 175 மி.மீ. உயரமும் 250 மி.மீ. மிதி அகலமும் கொடுத்திருக்கிறார்கள். இடம் மிச்சமாகும் என்று நான் 14 படிகளில் செங்குத்தாகக் கேட்டேன். கையில் கிரேட்டோடு இறங்குபவருக்குத் தன் கால் தெரியாது என்று சொல்லி அவர்கள் மறுத்தது சரிதான். தளத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பியும், ஒரு போல்ட் கூட உருண்டு கீழே விழாதபடி 100 மி.மீ. உயர அடித்தகடும் இருக்கின்றன. ஆனால் கையால் இழுத்துச் சுமை தூக்கும் செயின் பிளாக் வழியாகச் சரக்கை ஏற்றும் திறப்பில் ஒரு சங்கிலியை மட்டும் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தளங்களும் படிகளும் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும், தேவையான இடத்தில் கைப்பிடி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 32-ஆவது பிரிவில் சொன்னது; சட்டம் இருக்கட்டும், அந்த விளிம்பில் நின்று சரக்கை இழுப்பவர்கள் எங்கள் பிள்ளைகள். உள்பக்கமாக மட்டும் திறக்கும் கதவு ஒன்றை நாங்களே செய்து மாட்டிக்கொண்டோம்.

விலையைப் பொறுத்தவரை, சதுர அடிக் கணக்கில்லாமல் கிலோ கணக்கில் பேசியது நல்லதாயிற்று. பெயின்ட், ஏற்றி நிறுத்தும் கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 112 ரூபாய். வண்டி எடை மேடை ஏறி வந்த சீட்டுகளின்படி 4,060 கிலோ இரும்பு; அதற்கு 4,54,720 ரூபாய். அடித்தளங்களுக்கு 48,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து ஏறத்தாழ 5,93,000 ரூபாய் ஆயிற்று. இரும்புக்கு மட்டும் பார்த்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 1,320 ரூபாய், முதலில் சொன்ன விலையைப் போல இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கூடுதல் பணம் பீமின் ஆழத்திலும், ஆங்கிள்களிலும், தரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கான்கிரீட்டிலும் போயிருக்கிறது என்பதால் எனக்கு வருத்தமில்லை.

இப்போது ஏழு மாதங்களாகின்றன. வார்ப்புகளும் பேட்டர்ன்களும் மேலே போய்விட்டதால் கீழே மூன்றாவது சி.என்.சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. செக்கர்டு பிளேட் மீது டிராலி ஓடும் சத்தம் மட்டும் கீழே வேலை செய்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது. டிராலிக்கு பாலியூரித்தேன் சக்கரம் மாற்றியதில் பாதி குறைந்தது. படியேறும் இடத்தில், "ஒரு சதுர மீட்டருக்கு 750 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது" என்று தகரப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம். புதிதாகச் சேரும் பையன்களுக்குப் புரிவதற்காக அதன் கீழேயே "ரேக்கில் நான்கு தட்டு, தட்டுக்கு மூன்று கிரேட்" என்றும் எழுதியிருக்கிறோம். முன்பக்கச் சுவரை ஒட்டி இன்னொரு சிறிய தளத்துக்கு இதே குழுவிடம்தான் விலை கேட்டிருக்கிறேன். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு வெல்டிங்கையும் நான் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதையும், சரக்குத் திறப்புக்கான கதவு அவர்கள் பொறுப்பு என்பதையும் இந்த முறை ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டுக்கும் சம்மதித்திருக்கிறார்கள்.