58 பைட்டில் பாட்டு இருக்குமா? பழைய ஆடியோ மாற்றக் கொடுத்து 420 வெள்ளி போன கதை

அப்பா மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை பஜனையில் முன்பாட்டு அவர்தான். வீட்டிலும் சாயங்காலமானால் ஜால்ராவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிப் பாடியதைப் பிடித்து வைத்திருந்த கேசட்டுகளை 2001-இல் பெரியப்பா மகன் கணினியில் ஏற்றி, சிடியில் எழுதி, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். இந்த வருடத் திதிக்கு அப்பா பாட்டைப் போடலாம் என்று அந்தச் சிடியை எடுத்தேன். மொத்தம் 14 கோப்பு. மடிக்கணினியில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயரை இங்கே போடப்போவதில்லை, காரணம் கடைசியில் வரும். கவுண்டரில் இருந்த தம்பி நன்றாகத்தான் பேசினார். "அக்கா, இது ரியல் ஆடியோ. செத்துப்போன ஃபார்மட். கோப்பு வேற உள்ளே கெட்டுப்போயிருக்கு. வெளிநாட்டு லைசென்ஸ் இருந்தாத்தான் திறக்க முடியும். நாங்க எச்டி குவாலிட்டியா மாத்தித் தர்றோம்." பாட்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 420. பாதி முன்பணம். அப்பா குரலாயிற்றே, பேரம் பேச மனம் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பென்டிரைவில் 14 எம்பி3 வந்தது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு எம்பி. இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, நல்ல தரம்தான் போல என்று நானும் நம்பினேன். போட்டுக் கேட்டால் அப்பா தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஜால்ரா சத்தத்தையே காணோம். பழைய பதிவு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிடித்தது அம்மா. நான்காவது பாட்டின் நடுவில் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கேட்கும்: "கதவச் சாத்து, பூனை வந்துரும்." அதைக் கேட்டுச் சிரித்தோம். பன்னிரண்டாவது பாட்டிலும் அதே குரல். பதின்மூன்றிலும். பதினான்கு வந்ததும் அம்மா கேட்டார்: "ஏம்மா, நான் எத்தனை பாட்டுலதான் கதவச் சாத்தச் சொல்லியிருக்கேன்?"

நான்காவது பாட்டையே மூன்று நகல் எடுத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வேறு பாட்டின் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேகம் குறைந்ததில் அம்மா குரல் தடித்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் தம்பி மகனைக் கூப்பிட்டேன். அவன் சிடியைப் போட்டு விஎல்சி பிளேயரில் முதல் கோப்பை இழுத்துவிட்டான். உடனே பாடியது! ஜால்ராவோடு. "அத்தை, இதுல ஒரு கோளாறும் இல்ல. விஎல்சி இலவசம்தானே, லைசென்ஸும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை.

பிறகு அவன் விளக்கினதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ரியல் ஆடியோ 1995-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆரம்பித்தது. முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்காமல், இறங்க இறங்கவே கேட்கலாம் என்பதுதான் அதன் பெருமை. இணையத்துக்காக 1515 என்ற எண்ணுக்கு மோடம் கூவிக்கொண்டு டயல் செய்த காலம் நினைவிருக்கிறதா? அந்த வேகத்துக்குள் அடங்க வேண்டும் என்று பாட்டைப் பிழிந்து எடுத்துவிடுவார்கள். எங்கள் கோப்புகள் விநாடிக்கு 20 கிலோபிட். ஒரு நிமிடப் பாட்டு சுமார் 150 கேபிதான். கடைக்காரர் கொடுத்த எம்பி3 விநாடிக்கு 320 கிலோபிட், நிமிடத்துக்கு 2.4 எம்பி. பதினாறு மடங்கு பெரிது, தரம் ஒரு துளிகூட ஏறவில்லை. 2001-இல் பிழிந்தபோதே போன ஒலி எப்படித் திரும்பி வரும்? காலி டப்பாவைப் பெரிதாக்கினால் சோறு கூடுமா? அதுமட்டுமில்லாமல் மேலே ஒரு இரைச்சல் நீக்கியையும் ஓட்டியிருக்கிறார்கள். அது ஜால்ராவை இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிட்டது.

சரி, மிச்ச மூன்று பாட்டு எங்கே? அங்கேதான் முழு மோசடியும். 11 கோப்பின் வால், அதாவது பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்து, ஆர்எம். மூன்றின் வால் மட்டும் ஆர்ஏஎம். படம் ஒரே மாதிரி இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரியாது. அளவைப் பார்த்தால் தெரியும்: ஒரு கோப்பு 58 பைட். அதை நோட்பேடில் திறந்தான். ஒரே ஒரு வரி, ஒரு இணைய முகவரி. அவ்வளவுதான். ஆர்ஏஎம் என்பது பாட்டே கிடையாது, பாட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் துண்டுச்சீட்டு. சிடி எழுதிக் கொடுத்த பெரியப்பா மகன் அண்ணன் அந்த மூன்றையும் ஏதோ இலவசத் தளத்தில் போட்டுவிட்டு, சிடி எழுதும்போது பாட்டுக்குப் பதில் சீட்டை இறக்கிச் சேர்த்துவிட்டார். அந்தத் தளம் எப்போதோ மூடிப்போய்விட்டது. உள்ளே பாட்டே இல்லாத கோப்பை "மாற்றிக் கொடுத்து" ஒன்றுக்கு 30 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் வருத்தத்தோடு போயிருப்போம். இருக்கிற மாதிரி செய்து கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சிடி இருந்தால், கடைக்குப் போகும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள். ஒரு கேபிகூட இல்லையென்றால் அதில் குரல் இல்லை. நோட்பேடில் திறந்தால் முதலில் புள்ளி, அதற்குப் பின் ஆர்எம்எஃப் என்ற ஆங்கில எழுத்துகள், பிறகு கண்டபடி குறிகள் வந்தால் அது ரியல் மீடியா கோப்பேதான். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள், சேமித்தால் கெட்டுவிடும். விஎல்சியில் போட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல் போதும். மேற்கொண்டு ஒலியைப் பிழியாத வேவ் அல்லது ஃப்ளாக் வகைக் கோப்பாக ஒரே தடவை மாற்றி வைத்துக்கொண்டு, அதிலிருந்து வாட்சப்பில் அனுப்ப ஒரு எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். எது செய்தாலும் பழைய கோப்பை அழிக்காதீர்கள். எங்கள் கடைக்காரர் சிடியைத் திருப்பிக் கொடுக்கும்போது "இனி இது எதுக்குக்கா, போட்டுடவா?" என்று கேட்டார். அன்று சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே தெரிந்திருக்காது.

கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் "சிஸ்டம் மிஸ்டேக்" என்றார்கள். நோட்பேடில் அந்த ஒற்றை வரியைக் காட்டியதும் 90 வெள்ளி தருகிறேன் என்றார்கள், மூன்று பாட்டுக்கு. நான் வாங்கவில்லை. ரசீதில் "டேட்டா சர்வீஸ் 420" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. எத்தனை கோப்பு, என்ன வேலை, ஒன்றும் இல்லை. நல்லவேளை, 14 பாட்டின் பெயரையும் வாட்சப்பில் அனுப்பி "எல்லாம் ஓகே அக்கா" என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். அதை வைத்துப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளிவரை கோரலாம், வக்கீல் வேண்டாம். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன். அதனால்தான் பெயர் போடவில்லை.

அந்த மூன்று பாட்டின் கேசட் கிள்ளானில் அத்தை வீட்டு அலமாரியில் இருக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம். கிடைத்தால் தம்பி மகனே ஏற்றித் தருகிறேன் என்றிருக்கிறான், கூலி ஒரு நாசி லெமாக்.