ஒரு நாள்தான் இருக்கிறது: செயின்ட் ஆண்ட்ரூஸா, கூரஸா?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தங்கிக்கொண்டு, பழைய கட்டடங்கள் பார்க்க ஒரே ஒரு நாள் கிடைத்தால் ஃபைஃப் பகுதியின் கடற்கரைக்குப் போகலாம். அங்கே இரண்டு ஊர்கள் போட்டிக்கு நிற்கும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பெயர் பெற்றது. 1158இல் தொடங்கிய பேராலயத்தைக் கட்டி முடித்து 1318இல் அர்ப்பணித்தபோது மன்னர் ராபர்ட் புரூஸே வந்திருந்தார். 1559இல் மதச் சீர்திருத்தக் கூட்டம் அதைச் சூறையாடியது. பிறகு ஊர்க்காரர்கள் அதன் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று புல்வெளியில் சில சுவர்களும், 33 மீட்டர் உயர செயின்ட் ரூல் கோபுரமும் நிற்கின்றன. பார்க்கும்போது மனம் கனக்கிறது.

சவுத் ஸ்ட்ரீட்டில் மெட்ராஸ் காலேஜ் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். இந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் ஓர் அனாதை இல்லப் பள்ளியை நடத்தியவர். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே வளர்த்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் திறந்த பள்ளி இது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அந்தக் குளிரில் நினைத்துக்கொண்டேன்.

சரி, கூரஸ்? ஆங்கிலத்தில் Culross: எழுத்தில் 'எல்' உண்டு, உச்சரிப்பில் கிடையாது. ஃபோர்த் கழிமுகக் கரையில் இருக்கும் சின்ன ஊர். இங்கே ஜார்ஜ் புரூஸ் என்ற வணிகர் கடலுக்கு அடியில் நிலக்கரி வெட்டினார், உப்புக் காய்ச்சினார். அந்தப் பணத்தில் 1597 முதல் 1611 வரை கட்டிய வீடுதான், மஞ்சள் பூச்சும் உள்ளே ஓவியம் தீட்டிய மர உட்கூரையுமாக நிற்கும் 'அரண்மனை'. ஓட்ஸ் ரொட்டி சுடும் இரும்புக் கல்லுக்கும் (கிட்டத்தட்ட நம் தோசைக்கல்தான்) இந்த ஊர்க் கொல்லர்கள் பேர்போனவர்கள். 1625 புயலில் சுரங்கம் மூழ்கியது. தொழில்கள் ஒவ்வொன்றாக நொடிந்தன. இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லாததால் சிவப்பு ஓட்டு வீடுகள் அப்படியே தப்பின. 1932இல் பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து அந்த அரண்மனையை வாங்கியது 700 பவுண்டுக்கு! பழைய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூந்தொட்டி தெரிகிறது.

சாப்பாட்டுக்கடை, கடற்கரை, கோல்ஃப் எல்லாம் வேண்டுமென்றால் செயின்ட் ஆண்ட்ரூஸ்தான். என் ஓட்டு கூரஸுக்கு. அங்கே இடிபாடு திருச்சபையுடையது, இங்கே எஞ்சியிருப்பது உழைத்தவர்களின் தெரு. டன்ஃபெர்ம்லின் வரை ரயில், அப்புறம் பஸ். கருங்கல் பாவிய சந்துகள் ஏற்றமாக இருக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.