டிராயிங் பீரியடில் எது எடுபடும்: செருப்பு ரப்பரா, மஞ்சள் தூளா?

ஒன்பதாம் வகுப்பு. வாரத்துக்கு ஒரே ஒரு டிராயிங் பீரியட், 40 நிமிடம். அதையும் ‘இன்னிக்கு மட்டும் குடுங்க சார், போர்ஷன் முடியல’ என்று கணக்கு ஆசிரியர் மாதத்துக்கு ஒரு தடவையாவது வாங்கிக்கொண்டு போய்விடுவார். வகுப்பில் 45 பேர். தண்ணீர்க் குழாய் வராந்தாவின் கடைசியில் ஒன்றே ஒன்று. ஓவிய வகுப்புக்கான யோசனைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல், பதினைந்து பிள்ளைகளும் தனி ஸ்டூடியோவும் இருக்கிற பள்ளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் வகுப்பில் எது எடுபடுகிறது என்று சில ஆண்டுகளாகச் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று போட்டியாக வரும் வழிகளை இங்கே எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 40 நிமிடத்தில் ஒரு பிள்ளை எத்தனை முடிவுகளைத் தானாக எடுத்தது என்பதுதான் என் கணக்கு. படம் அழகாக வந்ததா என்பது அடுத்த பிரச்சினை. ஆண்டு விழாவில் மாட்டி வைக்க அழகு வேண்டும்தான், தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் அதுதான் பிடிக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

போர்டைப் பார்த்தா, பொருளைப் பார்த்தா?

ஆசிரியர் போர்டில் மயில் வரைவார், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். இந்தப் பழைய முறையைக் கிண்டல் செய்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. முழுக்கத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு கிரேடு உண்டு. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று தாள்கள் வரும். பின்னாளில் ஓவிய ஆசிரியராக நினைக்கும் பிள்ளைக்கு அது தேவைப்படும். கை பழகாமல் அதில் தேற முடியாது. ஆனால் போர்டு மயிலை வரைகிற பிள்ளை எடுக்கும் முடிவுகள் ரொம்பக் குறைவு. எந்தக் கோடு வேண்டும், எது வேண்டாம் என்பதையெல்லாம் ஆசிரியரே ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

மேசையில் ஒரு பித்தளைச் சொம்பையோ தேய்ந்துபோன செருப்பையோ வைத்தால் கதை மாறுகிறது. தாளைப் பார்க்காமல், கண்ணைப் பொருளின் விளிம்பிலேயே ஓடவிட்டு, அதே வேகத்தில் பென்சிலை நகர்த்தச் சொல்வேன். ஐந்து நிமிடம். வருகிற படத்தைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு நல்லது, ‘எனக்கு வரைய வராது சார்’ என்கிறவர்களும் அதில் சேர்ந்துகொள்வார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே நம் ஸ்தபதிகளின் வழி ஒன்று இருக்கிறது. தாளக் கணக்கு. ஒரு தாளம் என்றால் ஒரு முக நீளம், அதாவது 12 அங்குலம். (கடையில் விற்கும் ஸ்கேலின் அங்குலம் வேறு.) உயர்ந்த தெய்வ உருவங்களுக்கு உத்தம தச தாளம், அதாவது பத்துத் தாளமும் மேலே நாலு அங்குலமும், மொத்தம் 124 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாளம். வகுப்பில் இதைச் செய்வது சுலபம். மணிக்கட்டு மடிப்பைத் தாடையில் வைத்து உள்ளங்கையை முகத்தோடு ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவிரல் நுனி ஏறத்தாழ முடி தொடங்கும் இடத்தைத் தொடும். பிறகு ஒருவர் சுவரோடு நிற்க, இன்னொருவர் அவரது முக நீளத்தை ஒரு நூலில் அளந்து உயரம் முழுக்கச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். பெரும்பாலோர் ஒன்பதை ஒட்டி வருவார்கள். ‘அப்ப சாமிக்கு மட்டும் ஏன் சார் பத்து?’ என்று யாராவது கேட்டே தீருவார்கள். என் டிராயிங் பீரியடில் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று.

ஆகவே பொருளுக்குத்தான் என் ஓட்டு, பக்கத்திலேயே தாளக் கணக்கு. போர்டுப் பயிற்சியைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மாலையில் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

மாமல்லபுரமா, திரையா, பக்கத்துக் கோவிலா?

சுற்றுலா என்றதும் எல்லோரும் சொல்வது மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு ஏறத்தாழ 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். அந்த அளவை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. யானையின் காலருகே நிற்கிற பிள்ளைக்கு அது உடம்பால் புரிகிறது. தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியிருக்கும் எலிகளையும் யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வைத்தால் பத்து நிமிடம் யாரும் செல்போனை எடுக்க மாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், சுற்றுலாவில் அங்கே கிடைப்பது அரைமணி நேரம். வரைய உட்கார்ந்தால் ‘பஸ் கிளம்புது’ என்ற குரல் வந்துவிடும்.

திரைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017ல் மூன்றே முக்கால் லட்சம் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அங்கிருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோவிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். கருவறையைச் சுற்றிய அந்தப் பாதைக்குள் பள்ளிப் பிள்ளைகள் சும்மா நுழைந்துவிட முடியாது, அங்கே திரைதான் கதி. சித்தன்னவாசலுக்கு நேரில் போனால் தாமரைக் குளம் கூரையில் இருக்கும், கழுத்து வலிக்கும், புகைப்படத்தில் தெரிவதைவிடக் குறைவாகவே தெரியும். ஆனாலும் அண்ணாந்தபடி அதை வரைந்தவனின் கழுத்து எப்படி வலித்திருக்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். புகைப்படம் அந்தப் பேச்சைக் கிளப்பாது.

சென்னையிலோ பக்கத்திலோ இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தைச் சொல்வேன். திருவெண்காட்டு அர்த்தநாரியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாக வரையச் சொன்னால் ஒரு வகுப்புக்கு அது போதும்.

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு பக்கத்துக் கோவில் மண்டபத்துத் தூணுக்குத்தான். காரணம் சாதாரணமானது. அங்கே திரும்பப் போகலாம். முதல் தடவை பிள்ளைகள் யாளியின் பல்லை மட்டும்தான் பார்ப்பார்கள். இரண்டாவது தடவை போனால்தான் தும்பிக்கை, அதன் அடியில் இருக்கும் சின்ன யானை, தூணின் முனையில் தொங்கும் பூமொட்டு எல்லாம் கண்ணில் படும். படத்தின் முன் நின்று கேட்பதற்கென்று அமெரிக்காவில் அபிகெய்ல் ஹௌசனும் பிலிப் யெனவைனும் வகுத்த மூன்று கேள்விகளைத் தூணுக்கும் கேட்கலாம்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர். ‘சிங்கம் கோவமா இருக்கு’ என்று சொன்ன பிள்ளை, எதைப் பார்த்து என்று கேட்டதும் புருவத்தைப் போய்த் தேடும்.

களிமண் பற்றி இரண்டு வரி

கையில் கிடைப்பதிலேயே சிறந்த பொருள் களிமண். ஆனால் 45 ஜோடிக் கை, ஒரு குழாய், அடுத்த பீரியட் இங்கிலீஷ். விநாயகர் சதுர்த்தி வாரத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறேன், அப்போது யாரும் சண்டைக்கு வருவதில்லை.

வெயிலில் வரைவதா, வெட்டி அச்சடிப்பதா?

இந்தப் போட்டிதான் எனக்கு அதிக நாள் குழப்பம் கொடுத்தது.

முதலில் வெயில். மஞ்சள் தூளைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டி, நிழலில் வைத்துத் தாளில் பூசிக் காயவிட வேண்டும். (ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அந்தப் பக்கம் நெருப்பே கூடாது. இந்த வேலையை நானே செய்துவிடுகிறேன்.) காய்ந்த தாளைப் பரீட்சை அட்டையில் வைத்து, அதன்மேல் வேப்பிலையோ முருங்கைக் கொத்தோ பரப்பி, கண்ணாடித் துண்டால் அழுத்தி வெயிலில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெயில் பட்ட இடம் வெளுத்துவிடும். இலை மறைத்த இடம் மஞ்சளாகவே நிற்கும். பிறகு சலவை சோடா கரைத்த தண்ணீரை லேசாகத் தடவினால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். ‘ஆரத்தி மாதிரியே இருக்கு சார்’ என்பார்கள். அதேதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாகும் அதே வேதியியல். தாவரச் சாறுகளை வெயிலில் காட்டிப் படமெடுக்கும் சோதனைகளை ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842ல் எழுதிவைத்தார். நீல நிறத்தில் வரும் சயனோடைப்பும் அதே ஆண்டு அவர் கண்டுபிடித்ததுதான், ப்ளூபிரிண்ட் என்கிறோமே, அது இங்கிருந்து வந்தது. ஆனால் அதற்கு இரண்டு ரசாயனம் வாங்க வேண்டும். மஞ்சள் அடுப்படியிலேயே இருக்கிறது.

செலவு சொற்பம், கத்தி கிடையாது, வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கண்ணாடியைத் தூக்கியதும் வகுப்பில் எழும் சத்தம் வேறு எதிலும் வராது. படம் நிரந்தரமில்லை, வெளிச்சத்தில் மாட்டினால் மெல்ல மறைந்துவிடும். அதைக்கூட நான் குறையாகச் சொல்ல மாட்டேன். என் குறை வேறு. பிள்ளை எடுக்கிற முடிவு, இலையை எங்கே வைப்பது என்ற ஒன்றுதான். மற்றதைச் சூரியன் பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு பக்கம் லினோ, அதாவது மெத்தென்ற ஒரு ஷீட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சடிப்பது. லினோ ஷீட்டும் உளி செட்டும் ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும், 45 பேருக்கு வாங்குவது கட்டுப்படியாகாது. தேய்ந்த ஹவாய் செருப்பின் ரப்பர் அடிப்பாகம் அருமையான அச்சுக்கட்டை. மேலே இருக்கும் வரிகளைச் சொரசொரப்புத் தாளில் தேய்த்துவிட்டால் போதும். உளிக்குக் குடைக்கம்பி. பழைய குடையின் கம்பி குறுக்கே பார்த்தால் ‘ப’ மாதிரி குழிந்திருக்கும். ஒரு முனையைச் சரிவாகத் தீட்டி, மறுமுனையில் மரப்பிடி செருகினால் வெட்டுக்கருவி தயார். ஒரே சமயம் எட்டுப் பேர் மட்டும் என் கண்ணெதிரே வெட்டுவார்கள், மற்றவர்கள் தாளில் வடிவம் போடுவார்கள். வெட்டும் கை முன்னே போகும்போது பிடிக்கும் கை பின்னால்தான் இருக்க வேண்டும். இதை நான் ஒரு பீரியடில் இருபது தடவை கத்துகிறேன். ஆஃப்செட் மை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். போஸ்டர் கலர் நம் வெயிலுக்குச் சட்டென்று காய்ந்துவிடும், சில சொட்டுக் கிளிசரின் விட்டால் கொஞ்ச நேரம் தாங்கும்.

தொல்லை அதிகம்தான். ஐந்தாறு வாரம் பிடிக்கும். ஆனால் முடிவுகளை எண்ணிப் பாருங்கள். தூணில் பார்த்த யாளியை அச்சாக்க வேண்டும் என்றால், எது கறுப்பு, எது வெள்ளை? பின்னணியை விடுவதா, எடுப்பதா? பல்லை வெள்ளையாக்கினால் கண்ணை என்ன செய்வது? சாம்பல் நிறம் கிடையாது, வெட்டியதை ஒட்டவும் முடியாது. பென்சிலில் அழித்து அழித்து வரைந்த பிள்ளை இங்கே ஒரு நிமிடம் கையை நிறுத்தி யோசிக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடு.

இதைப் புரியவைக்க இரண்டு காந்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவேன். ஒன்று, தண்டி யாத்திரையை ஒட்டி 1930ல் வங்காள ஓவியர் நந்தலால் போஸ் செய்த லினோ அச்சு. கறுப்புப் பரப்பிலிருந்து வெள்ளையாக எழுந்து, கம்பை ஊன்றி நடக்கிற காந்தி. மற்றொன்று, 1969 நூற்றாண்டையொட்டி நம் ஊர் ஓவியர் ஆதிமூலம் வரைந்த கோட்டோவியக் காந்திகளில் ஒன்று. ஒருவர் இருட்டை எடுத்துக்கொண்டே போய் ஆளைக் கொண்டுவருகிறார், இன்னொருவர் வெள்ளைத் தாளில் கோட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறார். இதற்கு விளக்கமே தேவைப்படுவதில்லை.

இப்போது மஞ்சளை முதல் வாரத்தில் தூண்டிலாகப் போடுகிறேன், மீதி வாரங்கள் ரப்பருக்கு. போன தடவை ஒரு பையன் யாளியெல்லாம் வேண்டாம் என்று தன் பெயரைப் பெரிதாகச் செதுக்கினான். அழகான எழுத்து. அச்சடித்தால் எல்லாம் இடம்வலமாகத் திரும்பிக் கிடந்தது. நான் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவன் தாளைத் திருப்பினான், ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் இன்னொரு செருப்போடும், வீட்டிலிருந்து எடுத்துவந்த கைக்கண்ணாடியோடும் வந்து உட்கார்ந்தான்.