மூட்டையா, உதிரியா: மல்டிபிள் டிஸ்பாட்ச்சில் லிஸ்டை விரிக்கும் விதங்கள்

ஜூலியா என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு நிரல் பல நாள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கோப்பில் எத்தனை வரிசைகள் வந்தாலும் மூன்று புள்ளி போட்டு விரித்து, அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனி ஆர்க்யுமென்டாக (அழைப்பில் கொடுக்கும் மதிப்பாக) ஆக்கி, சேர்(வரிசைகள்...) என்று அழைப்பேன். ஒரு நாள் கோப்பில் ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. ஒற்றை ஆர்க்யுமென்ட் வாங்குகிற இன்னொரு ‘சேர்’ மெத்தடும் (அதே பெயரில் எழுதிய இன்னொரு வடிவம்) இருந்ததால் அழைப்பு அங்கே போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, விடை மட்டும் தப்பு. அன்றிலிருந்து, ஒரு மொழியில் மல்டிபிள் டிஸ்பாட்ச் (ஒரே பெயருள்ள பல மெத்தட்களில் எது ஓட வேண்டும் என்று ஆர்க்யுமென்ட்களைப் பார்த்துத் தேர்வது) உண்டு என்றால், அது லிஸ்டை எங்கே, யார் சொல்லி விரிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

காரணம் எளிது. எல்லா ஆர்க்யுமென்ட்களின் வகையையும் எண்ணிக்கையையும் பார்த்து மெத்தடைத் தேர்ந்தெடுப்பதுதான் ஜூலியாவிலும் ராகு என்ற மொழியிலும் நடப்பது. லிஸ்ட் என்ற மூட்டையை அவிழ்த்து உதிரியாகக் கொடுத்தால், தரவின் நீளமே மெத்தடைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும்.

பெர்ல் 5 மொழியில் இந்த அவிழ்ப்பு கேட்காமலே நடக்கிறது. இரண்டு அரேக்களை (பெர்லில் லிஸ்டை வைக்கும் மாறிகள்) அனுப்பினால் இரண்டும் கரைந்து @_ என்ற ஒரே வரிசையாகின்றன. முதலாவது எங்கே முடிந்தது என்று ஃபங்ஷனுக்குத் தெரியாது. தனித்தனியாக வேண்டுமானால் ரெஃபரன்ஸாக (அரேயைச் சுட்டும் ஒற்றை மதிப்பாக) அனுப்ப வேண்டும்.

2015 கிறிஸ்துமஸில் பெர்ல் 6 என்ற பெயரில் வெளிவந்து, 2019-இல் ராகு எனப் பெயர் மாறிய மொழி இதைத் தலைகீழாக்கியது. அதில் அரே ஒரே ஆர்க்யுமென்டாகவே போகும். விரிக்க நினைத்தால் அழைப்பவர் | குறியை முன்னால் போட வேண்டும். ஒரு மதிப்பு வாங்கும் மெத்தட் ஒன்று, எத்தனை வந்தாலும் வாங்கும் *@ மெத்தட் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். [1, 2, 3] என்று கொடுத்தால் முதலாவது ஓடும், |[1, 2, 3] என்று கொடுத்தால் இரண்டாவது. இதுவரை தெளிவு. வாங்கும் பக்கத்தில்தான் கவனம் வேண்டும். *@ என்றால் உள்ளே வரும் லிஸ்ட்கள் கரையும்: 1, [1, 2], ([3, 4], 5) என்று கொடுத்தால் 1, 1, 2, 3, 4, 5 கிடைக்கும். **@ எதையும் கரைக்காது. +@ என்றால் ஒன்றே ஒன்று வந்தால் மட்டும் பிரிக்கும், பல வந்தால் அப்படியே விடும். அழைப்பு வரியை மட்டும் படிப்பவருக்கு இதில் எதுவுமே தெரியாது.

ஆனால் ராகுவிடம் நான் உண்மையிலேயே ஆசைப்படுவது வேறொன்று: மூட்டையை அவிழ்க்காமல் உள்ளே எட்டிப் பார்த்தே டிஸ்பாட்ச் செய்யலாம். காலி அரேக்கு [] என்று ஒரு மெத்தட், தலையும் மிச்சமும் உள்ளதற்கு [$தலை, *@மிச்சம்] என்று இன்னொன்று. குயிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையை இரண்டே மெத்தடில் எழுதிவிடலாம். அனுப்புபவர் எப்போதும் ஒன்றைத்தான் அனுப்புகிறார், எண்ணிக்கைக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஜூலியாவில் லிஸ்டாகப் பயன்படும் வெக்டரின் நீளம் அதன் வகையில் இல்லை, அதனால் இப்படிச் செய்ய வழியில்லை. நீளம் மாறாத டியூப்பிளுக்கு உண்டு. எத்தனை உறுப்பு, ஒவ்வொன்றும் என்ன வகை என்பதெல்லாம் டியூப்பிளின் வகையிலேயே அடங்கியிருப்பதால், விரிக்காமலே அதை வைத்து மெத்தடைப் பிரிக்கலாம். அதே காரணத்தால் டியூப்பிளை விரித்தால் செலவும் குறைவு. நீளம் ஓடும்போதுதான் தெரியும் வெக்டரை விரித்தால் வேகம் போகும். பலவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்ட ஜூலியாக்காரர்கள் விகேட்(பட்டியல்...) என்பதற்குப் பதில் ரெட்யூஸ்(விகேட், பட்டியல்) என்று எழுதச் சொல்வது இதனால்தான். காலி வெக்டரும் தொல்லை தரும்: எத்தனை முழு எண் வந்தாலும் வாங்கும் மெத்தடும், எத்தனை ஸ்ட்ரிங் வந்தாலும் வாங்கும் மெத்தடும் இருந்தால், எதுவுமே வராத அழைப்பு இரண்டுக்கும் பொருந்தும். எதை எடுப்பது என்று தெரியாமல் ஜூலியா பிழை காட்டும். நல்லவேளை, காட்டுகிறது.

இங்கே பார்க்கும் மல்டிபிள் டிஸ்பாட்ச் மொழிகளில் மூன்றாவதான காமன் லிஸ்ப், மூன்றிலும் கறாரானது. ஒரு ஜெனரிக் ஃபங்ஷனின் (ஒரே பெயருள்ள மெத்தட்களின் தொகுப்பு) எல்லா மெத்தட்களிலும் கட்டாய ஆர்க்யுமென்ட்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும். டிஸ்பாட்ச் அவற்றை மட்டுமே பார்க்கும். மிச்சத்தை வாங்கும் &ரெஸ்ட் வழியாக வருபவை தேர்வில் சேராது. லிஸ்டை விரித்து அழைக்கும் அப்ளை மூலம் பத்து உறுப்பை விரித்தாலும் நூறை விரித்தாலும் எண்ணிக்கை மெத்தடை மாற்றாது. நீளமான லிஸ்ட்டை அப்ளைக்குக் கொடுப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ஓர் அழைப்பில் குறைந்தது 50 ஆர்க்யுமென்ட்களுக்குத்தான் தரநிலை உறுதி தருகிறது, அதற்குமேல் கம்பைலரைப் பொறுத்தது. காலி லிஸ்ட்டுக்கு நல், உறுப்புள்ள மற்றதற்கு கான்ஸ் என்று வகையாலேயே பிரிக்கலாம். ராகுவின் எட்டிப் பார்த்தலில் பாதி இதிலேயே கிடைக்கிறது.

எனக்கு வந்த பிழை காமன் லிஸ்ப்பில் வந்திருக்காது. ராகுவில் | போட்டிருந்தால் வந்திருக்கும், ஆனால் போடத் தேவையே இருந்திருக்காது. கணக்கு வேலைக்கு ஜூலியாவின் வேகத்தை விட மனமில்லாததால் அங்கேயே இருக்கிறேன். ‘சேர்’ இப்போது வரிசைகளின் வெக்டரை முழுசாக வாங்குகிறது. ஒரு வரிசை வந்தாலும் அது ஓர் உறுப்புள்ள வெக்டர்தான்.