கண் அசைவு சிகிச்சையும் நானும்: முடித்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

நான் ஓட்டிய காரில்தான் லாரி வந்து மோதியது. பக்கத்து இருக்கையில் அக்கா. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு மாதத்தில் கூடிவிட்டது. எனக்கு நெற்றியில் இரண்டு தையல். கணக்குப் பார்த்தால் பெரிய சேதமில்லாமல் தப்பியது நான்தான். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்தும், தெருவோரம் நின்றிருக்கும்போது லாரி ஹாரன் கேட்டால்கூட எனக்கு உடம்பு விறைத்துவிடும். அடிபட்ட அக்கா மறுபடி கார் ஓட்டத் தொடங்கிவிட்டாள். நான் சாவியையே தொடவில்லை.

மனநல மருத்துவர் இதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்றார். மாத்திரைச் சீட்டின் அடியில் 'இஎம்டிஆர்' (கண் அசைவு சிகிச்சையின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்) என்று எழுதி, "இதில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரைப் பாருங்கள்" என்று அனுப்பிவைத்தார். யாரைப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடவே எனக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. சிகிச்சையை விடத் தேடல்தான் நீளம்.

கேள்விப்பட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிகிச்சையாளர் விரலை இடமும் வலமும் அசைப்பாராம், நாம் நடந்ததை நினைத்துக்கொண்டே கண்ணால் அதைத் தொடர வேண்டுமாம். மந்திரிப்பது போல இருக்கிறதே என்று தோன்றியது. பிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர், 1987-இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இங்குமங்கும் அசைகையில் மனத்தை உறுத்திய நினைவுகளின் வேகம் குறைவதைக் கவனித்தாராம். முதல் ஆய்வை 1989-இல் வெளியிட்டார். பூங்காக் கதையைப் படித்ததும் சந்தேகம் கூடத்தான் செய்தது. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கோளாறுக்கான தன் வழிகாட்டுதலில் இதையும் சேர்த்திருப்பதைப் பார்த்த பிறகே தேடத் தொடங்கினேன்.

முதலில் போனவரின் அறிமுகக் குறிப்பில் பத்துப் பன்னிரண்டு சிகிச்சை முறைகள் வரிசையாக இருந்தன. அதில் இதுவும் ஒன்று. முதல் நாளே இருபது நிமிடம் கதை கேட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரலைத் தூக்கிவிட்டார். விபத்தின் நடுவில் நான் நிற்கும்போது நேரம் முடிந்தது. "அடுத்த வாரம் தொடரலாம்" என்றார். அந்த வாரத்தில் நான்கு இரவுகள் தூங்கவில்லை. குளியலறைக் கதவு அடித்துக்கொண்டாலும் தூக்கிவாரிப்போட்டது. அவர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர். ஆனால் இந்தச் சிகிச்சையில் அவசரக்காரர் போதும், ஆளைக் கவிழ்க்க.

பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். இதில் எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. முதலில் வரலாறு கேட்பது, அடுத்தது ஆயத்தம், மூன்றாவது மதிப்பீடு. எல்லோரும் சொல்லும் அந்தக் கண் அசைவு வருவதே நான்காவது கட்டத்தில்தான்! எனக்கு நடந்தது, அஸ்திவாரம் போடாமல் ஓடு வேய்ந்த வேலை.

அதன் பின் தொலைபேசியில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "விரலைத் தூக்குவதற்கு முன்னால் என்ன செய்வீர்கள்?" 'இஎம்டிஆர் செய்வீர்களா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் பயனில்லை. ஒருவர் என் கேள்விக்கு, "ஒரே அமர்வில் மாற்றம் தெரியும், கவலைப்படாதீர்கள்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இன்னொருவர், கேட்டதற்குக் கோபப்பட்டார். மூன்றாமவர், தன் பயிற்சி இன்னும் முடியவில்லை என்றும், ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் மேற்பார்வையாளரிடம் கலந்து பேசித்தான் செய்வதாகவும் சொன்னார். இருபது ஆண்டு அனுபவம் என்று ஆரம்பித்தவர்களை விட அவர்மேல்தான் எனக்கு மதிப்பு வந்தது. அவரிடம் இடம் காலியில்லை என்பது வேறு விஷயம்.

பயிற்சியைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். இஎம்டிஆர் சிகிச்சைக்கான சர்வதேச சங்கமான எம்ட்ரியா அடிப்படைப் பயிற்சிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, 20 மணி நேரப் பாடம், 20 மணி நேரச் செய்முறை, 10 மணி நேரம் அனுபவசாலியுடன் கலந்தாய்வு. சனி ஞாயிறு ஒரு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தவருக்கும் இதற்கும் தூரம் அதிகம். இத்தகைய சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் தேடித்தான் கடைசியில் எனக்கானவரைக் கண்டுபிடித்தேன். பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று சொல்லமாட்டேன். தேடலைத் தொடங்க அது நல்ல இடம்.

அந்த அம்மா முதல் நான்கு அமர்வுகளில் விரலை அசைக்கவே இல்லை. தூக்கம், மாத்திரை, குடிப்பழக்கம், சிறு வயது, திடீரென்று இருக்கும் இடம் மறந்து நேரம் தொலைந்துபோவது உண்டா என்பது வரை கேட்டார். மனத்துக்குள் அமைதியான ஓர் இடத்தை உருவாக்கிக்கொள்ளப் பழக்கினார். கைகளை மார்பின் குறுக்கே வைத்து, தோள்களை மாறி மாறி மெல்லத் தட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு எரிச்சல். "எப்போதுதான் தொடங்குவோம்?" என்று கேட்டேவிட்டேன்.

"நடுவில் நிறுத்தச் சொன்னால் உங்களால் இந்த அறைக்குத் திரும்பி வர முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

ஐந்தாம் அமர்வில் தொடங்கினோம். மிக மோசமான காட்சி எது, அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்டார். 'என் தவறு' என்றேன். வேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். நான் 9 கொடுத்தேன். 'என்னால் முடிந்ததைச் செய்தேன்' என்ற வாக்கியம் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்பதற்கு 1 முதல் 7 வரை. 2 கொடுத்தேன், அதுவும் மரியாதைக்காக. பிறகு விரல் அசைந்தது, இருபது முப்பது முறை. நிறுத்தி, "மூச்சை இழுத்து விடுங்கள். இப்போது என்ன வருகிறது?" என்றார். மறுபடி விரல். அவ்வளவுதான். அறிவுரை இல்லை, விளக்கம் இல்லை.

லாரிதான் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது அக்காவின் கால். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்து வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். மூன்று ஆண்டுகளாக, அவளிடம் பேசத் திரும்பியதால்தான் லாரியைக் கவனிக்கவில்லை என்று நம்பியிருந்தேன். தூங்குகிறவளிடம் எப்படிப் பேசியிருப்பேன்? அன்று நாற்காலியிலேயே அழுதேன். முடிவில் வேதனை மதிப்பெண் 4.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "நான் எங்கே தூங்கினேன்? பாட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அடுத்த அமர்வில் இதைச் சொல்லி, எல்லாம் பொய்யா என்று கேட்டேன். நினைவு என்பது வீடியோ பதிவு அல்ல, நடந்ததைத் துப்பறிய இந்தச் சிகிச்சை உதவாது, அதன் கனத்தைக் குறைக்கத்தான் உதவும் என்றார். ஏமாற்றமாக இருந்தது. ஆனால் கனம் குறைந்திருந்தது உண்மை. அது திரும்பி வரவும் இல்லை.

கண் அசைவுதான் வேலை செய்கிறதா, நினைவைப் பாதுகாப்பாகத் திரும்ப எதிர்கொள்வதே போதுமா என்று ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. ஒரு விளக்கம் எனக்குப் பிடித்தது: மனத்தின் மேசை சிறியது. விரலைத் தொடரும் வேலையையும் அதன்மேல் வைத்தால் பழைய காட்சிக்கு இடம் போதாமல் அதன் கூர்மை மழுங்குகிறது. இருக்கலாம்.

பயணத்தில் இருந்தபோது இரண்டு அமர்வுகள் வீடியோ வழியாக. திரையில் ஒரு புள்ளி ஓடும், பார்க்க வேண்டும். பயனில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒருமுறை நடுவில் இணைப்பு அறுந்தது. நான்கு அமர்வுகள் ஏன் ஆயத்தத்துக்குப் போயின என்பது அன்றுதான் முழுதாகப் புரிந்தது. தோளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மூன்று நிமிடத்தில் அவரே அழைத்தார். இன்னொன்று: அமர்வு எத்தனை நிமிடம் என்று முன்பே கேளுங்கள். எனக்கு 90 நிமிடம். அமர்வு நாளன்று முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. கனவுகள் கலைந்து கலைந்து வரும், மறுநாள் வரை மந்தமாக இருக்கும்.

மொத்தம் பதின்மூன்று அமர்வுகள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிலவரம்: ஹாரன் கேட்டால் தோள் இன்னும் உயர்கிறது, பிறகு தானாக இறங்குகிறது. கார் ஓட்டுகிறேன். இரவில், மழையில் ஓட்டுவதில்லை. அது பயமா புத்திசாலித்தனமா என்று எனக்கே தெரியவில்லை. சிகிச்சையின் நடுவில் விபத்தோடு தொடர்பே இல்லாத ஒரு பழைய விஷயம் கிளம்பியது, அதற்கு வேறு வகை ஆலோசனைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒன்றுக்காகப் போய் இன்னொன்று கிளம்புவது இங்கே அரிதல்ல என்று அந்த அம்மா முதலிலேயே எச்சரித்திருந்தார்.

சென்ற மாதம் அக்கா என் காரில் முன்னிருக்கையில் ஏறினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்தாள். "சீட் பெல்ட்" என்றேன்.

"போட்டாயிற்று. நீ ரோட்டைப் பார்" என்றாள்.