காலேஜா, ஃப்ளையிங்கா, ரெண்டும் சேர்த்தா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான்: "சார், டிகிரி முடிச்சிட்டு ஃப்ளையிங் போகட்டுமா, இல்ல நேராப் போயிடட்டுமா?" விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் பைலட் தேர்வுகளுக்குப் பாடம் எடுக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், கிளாஸ் 1 மெடிக்கல் என்னும் உடல்தகுதிச் சான்று, எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம், 200 மணி நேரம் பறந்த கணக்கு. டிகிரி கேட்கவில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. 2009-ல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து நொறுங்கிய பிறகு, ஏர்லைனில் சேர 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அங்கீகாரம் பெற்ற ஏவியேஷன் பட்டப்படிப்போடு வருபவருக்கு 1000 போதும். அங்கே பட்டம் 500 மணி நேரத்தை மிச்சப்படுத்தும்; இங்கே ஒரு மணி நேரம்கூடக் குறையாது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோரிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அப்படியானால் நேராகப் போவதே சரியா? வயது மிச்சம், உண்மைதான். ஏர்லைனில் கேப்டன் நாற்காலி சீனியாரிட்டியைப் பொறுத்தது. மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவர் கடைசிவரை முன்னால்தான் இருப்பார். ஆனால் ஃப்ளையிங் ஸ்கூலில் சொல்லும் காலக்கணக்கை அப்படியே நம்பக் கூடாது. மழை, பழுதுக்கு நிற்கும் விமானம், போதாத இன்ஸ்ட்ரக்டர்கள் என்று இழுத்துக்கொண்டே போகும். என் மாணவன் ஒருவன் இரண்டு வருடம் என்று சேர்ந்து மூன்றரை வருடத்தில் வெளியே வந்தான். அந்த நாட்களில் பெரும்பாலும் ஹாஸ்டலில் சும்மாதான் இருந்தான். அதில் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம். 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் என்று கம்பெனிகள் நின்றுபோனதையும் பார்த்துவிட்டோம். லைசென்ஸைத் தவிரக் கையில் வேறு எதுவும் இல்லாதவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்பதை அவர்கள் வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும்.

டிகிரியை முடித்துவிட்டுப் போவதில் மூன்று நான்கு வருடம் போகும். அதற்கு ஈடாகக் கடைசி வருடத்திலேயே நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ் பேப்பர்களை எழுதி முடித்துவிடலாம். அப்புறம் ஃப்ளையிங் ஸ்கூலில் பெரும்பாலும் பறப்பதுதான் வேலை. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு. மாற்று வழிக்காக எடுக்கும் பட்டம் பி.காமோ கம்ப்யூட்டரோ ஆக இருக்கட்டும். ஏவியேஷன் மேனேஜ்மென்ட் வேண்டாம். விமானத் துறை படுத்தால் அதுவும் கூடவே படுத்துவிடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ரெகுலர் காலேஜில் படித்துக்கொண்டு சனி, ஞாயிறிலும் செமஸ்டர் லீவிலும் பறக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். காலை ஐந்தரைக்கு செஸ்னா என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்று, எரிபொருளைச் சின்னக் குப்பியில் வடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பான் மாணவன். இளநீல பெட்ரோலுக்கு அடியில் நிறமில்லாத முத்தாகத் தண்ணீர் நிற்கிறதா என்று தேடுவான். இதைப் பழக்கத்தில் செய்துவிடலாம். ஆனால் தரை நெருங்கும்போது விமானத்தின் மூக்கை எந்த நொடியில் தூக்குவது என்பது கைக்குத்தான் தெரியும். மூன்று வாரம் விட்டால் கை மறந்துவிடும். மறுபடி இன்ஸ்ட்ரக்டரோடு சர்க்யூட் (ஏறி, ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி) சுற்ற வேண்டும், அதற்கும் பில் வரும். இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று: அந்த 200 மணி நேரமும் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் ஆரம்பத்தில் பறந்ததெல்லாம் கணக்கில் வராமல் போகும்.

அதனால் வளைந்து கொடுக்க வேண்டியது படிப்புதான். தொலைநிலைக் கல்வியில் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு முழு நேரமும் பறக்கலாம். ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி போன்ற இடங்களில் பயிற்சியோடு பி.எஸ்சி. ஏவியேஷனும் படிக்க வழி இருக்கிறது. ஏர்லைன்களே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டங்கள் முழு நேரப் பயிற்சி. செலவும் மிக அதிகம்.

பணம் கையில் இருக்கிற வீடு என்றால் நேராகப் பறக்கப் போகட்டும், தொலைநிலைப் பட்டம் கூடவே வரட்டும் என்பேன். வீட்டை அடமானம் வைத்துத்தான் பயிற்சிக்கான 50 லட்சத்தைப் புரட்ட வேண்டுமென்றால், டிகிரியும் பேப்பர்களும் முதலில். அந்தக் கடனை வைத்துக்கொண்டு அம்மா அப்பா நிம்மதியாகத் தூங்க வேண்டும். எந்த வழி என்றாலும் ஃபீஸ் கட்டுவதற்கு முன், முதல் படியான கிளாஸ் 2 மெடிக்கலையும், அது முடிந்ததும் கிளாஸ் 1 மெடிக்கலையும் எடுத்துவிடுங்கள். நிறக்குறைபாடு இருப்பது பணம் கட்டிய பிறகு தெரிந்து, என் எதிரே உட்கார்ந்து அழுத பையனை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை.

போன வாரம் ஒரு மாணவி போன் செய்தாள். அவள் ஸ்கூல் இருக்கும் ஊரில் விடாத மழை. "சார், நாலு நாளா ஏர்கிராஃப்ட் வெளியவே வரல. ஆனா பி.காம் அசைன்மென்ட் ரெண்டு முடிச்சிட்டேன்" என்றாள்.